சுவரும் டிக் டிக் என்றது

பயிற்சியின் கடைசி நாள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்னைப் பேச விடுகிறார்கள். வயிற்றில் பிரியாணியோடு உட்கார்ந்திருப்பவன் காதில் பாடம் ஏறுமா? போன தடவை முன் வரிசையிலேயே ஒரு மகராசன் குறட்டை விட்டான். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். தூக்கம் வராத நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அணியிலும் ஒருவர் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. "வெல்டிங் ஜாயின்ட்டைப் படம் எடுக்க வந்தவனுக்கு குவார்க் எதுக்கு சார்?" நியாயமான கேள்விதான். நம் வேலை பற்றவைத்த குழாய்க்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிரியக்கத்தைக் கொண்டு படம் எடுப்பது. கேமரா என்று நாம் சொல்லும் கனத்த பெட்டியிலிருந்து, கைப்பிடியைச் சுற்றி, வளையும் குழாய் வழியாக இரிடியம் சோர்ஸை, அதாவது கதிர் வீசும் சின்ன உலோகத் துண்டை, வெளியே அனுப்புகிறோம். படம் விழுந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறோம். இதற்குக் கையும் காலும் கதிரை அளக்கும் மீட்டரும் போதாதா என்றால், பெரும்பாலான நாட்களில் போதும். போதாமல் போன ஒரு சமயம் எனக்கு வந்தது. தினேஷ் என்ற பையனுக்குத் தன் பெண் குழந்தையைத் தொட முடியாமல் போன சமயம் அது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. எண்ணூர்ப் பக்கம் கடலை ஒட்டிய ஓர் ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம், உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, தினேஷ் ரேடியோகிராஃபர். வியாசர்பாடிக்காரன், கை சுத்தம், வாய்தான் ஓயாது. குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் என்று அன்று காலையிலிருந்து போனில் போட்டோ காட்டியே என் உயிரை எடுத்தான்.

அவன் சோர்ஸை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது, மேலே தாங்கியில் சரியாகக் கட்டாமல் விட்டிருந்த ஒரு பைப் நழுவி, வளையும் குழாய் மேல் விழுந்து அதை நசுக்கிவிட்டது. நசுங்கிய இடத்தில் சோர்ஸ் மாட்டிக்கொண்டது. கைப்பிடி நின்றது. இதில்தான் வினை. சோர்ஸ் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாலும் கைப்பிடி நிற்கும், வழியில் மாட்டினாலும் நிற்கும். வந்துவிட்டது என்று நினைத்து தினேஷ் கேமரா பக்கம் நடந்தான். நல்லவேளை, கையில் மீட்டர் இருந்தது. முள் அந்தக் கோடிக்குப் போய் மோதியதைப் பார்த்ததும் திரும்பி ஓடி வந்தான். வந்த வேகத்தில் தடுக்கி மார்பு அடிபட விழுந்தான். சட்டைப் பையில் இருந்த, பட்ட கதிரின் அளவைக் காட்டும் பேனா டோசிமீட்டரும் தரையில் மோதியது.

அதை எடுத்துப் பார்த்தோம். அளவைத் தாண்டி ஓடியிருந்தது. கதிர் பட்டதால் ஓடியதா, கீழே மோதிய அதிர்ச்சியில் ஓடியதா? அதற்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் காட்டாது. உண்மையைச் சொல்லக்கூடியது அவன் மார்பில் குத்தியிருந்த, கதிரைப் பதிவு செய்யும் பேட்ஜ் மட்டுமே. அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தினேஷ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

சுற்றிலும் கயிறு கட்டி, ஆட்களை விலக்கிவிட்டு, மீட்டர் அடங்கிய தூரத்தில் போய் உட்கார்ந்து டீ வரவழைத்தேன். நம் தொழிலில் பழையவர்களிடம் உள்ள வழக்கம் இது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சோர்ஸ் மாட்டிக்கொண்டால் முதலில் டீ சொல்லுவார். "அவசரம் உனக்குத்தான்டா, அதுக்கு இல்ல. உக்காரு" என்பார். ஒரு கிளாஸ் டீ உள்ளே போகும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் மூளை காலை முந்தும்.

ஆலையின் மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நாங்கள் டீ குடிப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார், பிக்னிக்கா வந்தீங்க? நாளைக்குக் காலைல பிளான்ட் ஓடணும். முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க."

"அதுக்கு ஸ்விட்ச் இல்ல சார்."

"ஸ்விட்ச் இல்லாம ஒரு மெஷினா?"

"மெஷின் இல்ல சார் அது."

அவர் படித்தவர், கெட்டவரும் இல்லை. எக்ஸ்ரே மெஷின் மாதிரி கரண்ட்டைப் பிடுங்கினால் அடங்கிவிடும் என்று நினைத்தார். உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். இரிடியத்தின் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. இன்னும் உள்ளே போனால், நியூட்ரானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளில் ஒன்று, டவுன் என்பது, அப் என்பதாக மாறுகிறது. கூடவே ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. இந்த மாற்றத்தைச் செய்வது வலிமை குறைந்த விசை. இரிடியம் பிளாட்டினம் ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் புதிய கரு பதற்றத்தோடு பிறக்கிறது. மிச்சமுள்ள ஆற்றலைக் காமாவாக உதறித் தள்ளுகிறது. இது மின்காந்த விசையின் வேலை. நமக்குப் படம் எடுத்துத் தருவதும் நம்மைச் சுடுவதும் இந்தக் காமாதான்.

இந்த இரண்டு விசைகளும் மிகப் பெரிய ஆற்றலில் ஒன்றே என்று இயற்பியல் சொல்கிறது. எலக்ட்ரோவீக் என்று ஒரே பெயர். நம் வெப்பத்தில், நம் ஊரில், அவை பிரிந்து நிற்கின்றன. மின்காந்த விசையைச் சுமக்கும் ஃபோட்டானுக்கு நிறையே இல்லை, எவ்வளவு தூரமும் போகும். மற்றதைச் சுமக்கும் டபிள்யூ துகளுக்கோ அபார கனம். அணுக்கருவின் ஒரு மூலையைக்கூட அதனால் தாண்ட முடியாது. அதனால்தான் அந்த விசை அத்தனை அரிதாக, அத்தனை நிதானமாக வேலை செய்கிறது. சுட வைத்தாலும், அமிலத்தில் போட்டாலும், மேனேஜர் கத்தினாலும் அது தன் வேகத்தை மாற்றாது. இரண்டரை மாதத்தில் பாதி குறையும். அதற்கு முன்னால் குறைக்க யாராலும் ஆகாது.

"ஒரு கம்பிய வச்சுத் தட்டி விட்டா உள்ள போகாதா?" என்றார் மேனேஜர்.

"போகலாம். கம்பியப் பிடிக்கிறது யாரு, நீங்களா?"

கதிரைத் தடுக்கும் ஈயக் குண்டு மூட்டைகள் எங்கள் பெரம்பூர் கிடங்கிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். பிறகு சோர்ஸை எப்படி மூடி, குழாயை எப்படி நிமிர்த்தி உள்ளே அனுப்பினோம் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. இருட்டுவதற்குள் முடிந்தது. என் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மேனேஜர் தினேஷிடம், ரிப்போர்ட் வரும்வரை ஆலைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் விதியைச் சொன்னார். தெருவோ அதை வேறு மாதிரிக் கேட்டது. ரேடியேஷன் பட்டவனாம், அதனால் உள்ளே சேர்க்கவில்லையாம், ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டே நாளில் இந்தச் செய்தி விம்கோ நகரில் இருந்த அவன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி ரேவதி பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. மாமியார் கன்னியம்மா அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அனுப்புவது இருக்கட்டும், வாசற்படியைத் தாண்டவே விடவில்லை.

தினேஷ் எனக்குப் போன் செய்தான். வாய் ஓயாதவன் அன்று நான்கு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "சார், நீங்க வந்து சொல்லுங்க."

போனேன். சந்துக்குள் சின்ன வீடு. தினேஷ் வாசலுக்கு வெளியே, சாக்கடை மூடி மேல் நின்றிருந்தான். அங்கிருந்தபடியே உள்ளே தொட்டிலைப் பார்ப்பானாம், தினமும். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. அவனுக்குப் பேப்பர் கப்பில், படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். குரல் அப்படியே துறைமுகம் வரை கேட்கும்.

"இன்னா சார், நீதான் ஆபீசரா? ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லத்தான வந்துகீற?"

உண்மையில் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். இந்தப் பகுதியில் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கிடையாது. ஆலைப் புகை வரும், கண் எரியும், மீன் செத்து மிதக்கும். யாரோ ஒருவர் சட்டை கசங்காமல் வந்து ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அம்மா அதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார்! நானும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா?

"இல்லம்மா. அவருக்கு எவ்வளவு பட்டுச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது. ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்" என்றேன்.

வெளியே தினேஷின் முகம் செத்துப்போனது. உள்ளே ரேவதி விசும்பினாள்.

"ஆனா அவர்கிட்டேர்ந்து குழந்தைக்கு வராது. இது எனக்குத் தெரியும். இது வேற, அது வேற."

"அதெப்டி? பட்டது தெரியாதாம், ஒட்டாதுன்னு மட்டும் தெரியுமாம். இன்னா சார் கத வுடுற?"

அப்போது நான் செய்த காரியத்தை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். பேசிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று பையிலிருந்து சர்வே மீட்டரை எடுத்து, சத்தம் வருகிற பொத்தானை அழுத்தி, தினேஷிடம் நீட்டினேன்.

டிக். டிக் டிக். டிக்.

எனக்கு அது அமைதி. நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவன் நான். வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற துகள், மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் தோரியம், எல்லாம் சேர்ந்து எந்நேரமும் போடுகிற சத்தம் அது. ஆபத்து என்றால் மீட்டர் டிக் என்று சொல்லாது, அலறும். ஆனால் அதை முதல் தடவை கேட்பவருக்கு?

"ஐயோ, அடிக்குதே! கொயந்தைய எடுடி!" என்று கன்னியம்மா தொட்டிலுக்குப் பாய்ந்தார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. தினேஷ் நாலடி பின்னால் போய்த் தெருவில் நின்றான். மூன்று நிமிடத்தில் நான் நிலைமையை மூன்று மடங்கு கெடுத்துவிட்டேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ரேவதிதான் எழுந்து வந்தாள். என் கையிலிருந்து மீட்டரை வாங்கினாள். தன் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். டிக் டிக். அம்மாவிடம் கொண்டுபோனாள். டிக். டிக் டிக். சுவரில் வைத்தாள். சுவர் இன்னும் கொஞ்சம் கூடவே டிக் டிக் என்றது. தெருவில் இறங்கிப் புருஷன் மார்புக்கு நேராகப் பிடித்தாள். திரும்பி வந்தாள்.

"எல்லாம் ஒண்ணாத்தாம்மா கீது. செவுரு தான் ஜாஸ்தி."

"செவுரா?" என்றார் கன்னியம்மா.

"ஆமாம்மா. செங்கல் மண்ணுல பண்ணது இல்லையா, மண்ணுல எப்பவும் கொஞ்சம் இருக்கும். உங்க மருமகன்கிட்ட ஒட்டியிருந்தா இந்த மீட்டர் கத்தியிருக்கும்" என்றேன். மெல்ல மெல்ல மூச்சு வந்தது.

அவர் நம்பினாரா? பாதி. இந்த மாதிரிப் பொட்டிகளையும் அவர் நம்பப் பழகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் வூட்ல கொயந்தை கீதா?"

"பேத்தி இருக்கா. எட்டு மாசம்."

"இட்டாந்து இவன் மடியில வையி. அப்ப நான் நம்புறேன்."

"கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லிவிட்டது. திருவொற்றியூரில் இருக்கும் என் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

என் மகள் வங்கியில் வேலை பார்க்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "அப்பா, உங்களுக்கு நிச்சயமா தெரியுமா, இல்ல அந்தம்மாகிட்ட வீறாப்பா சொல்லிட்டீங்களா?"

தம்பிகளா, நாற்பது வருடம் தொழில் பார்த்தவன் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் போய்க் கற்கள் மேல் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். சோர்ஸ் உடைந்து துகள் அவன் மேல் படிந்திருந்தால்? அப்படியானால் ஒட்டும், உண்மையிலேயே ஒட்டும். அந்தப் பயம்தான் எனக்குள் ஒளிந்திருந்தது. ஆனால் அன்றே குழாயை ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியில் துகள் ஏதும் இருக்கிறதா என்று சோதித்தேன். ஒரு தடவை போதாமல் மறுபடியும் சோதித்தேன். சுத்தம். சோர்ஸை மூடியிருக்கும் எஃகு உறை உடையவில்லை. எலக்ட்ரான் அந்த உறையைத் தாண்டாது. வெளியே வந்தது காமா மட்டும்.

சரி, அந்தக் காமா அவன் உடம்பையே கதிரியக்கமாக மாற்றிவிடுமா? அதற்கு அது அவன் எலும்பிலும் சதையிலும் உள்ள அணுக்கருவை உடைக்க வேண்டும். கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடத் துடிப்பவை. மின்காந்த விசை மட்டும் இருந்தால் நாம் யாரும் இருக்கமாட்டோம். குவார்க்குகளை குளுவான் என்ற துகள்கள் இறுக்கிக் கட்டுகின்றன; அந்தக் கட்டின் மிச்சமே புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதுதான் வலிமை மிகுந்த விசை. கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலில் நம் இரிடியத்தின் காமாவிடம் இருப்பது மிகச் சின்னப் பங்கு. அது எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும், உயிரணுவைக் காயப்படுத்தும். அந்தப் பயம் தினேஷுக்கு மட்டும் உரியது, ரிப்போர்ட் வரும்வரை போகாது. ஆனால் கருவின் பூட்டை அதனால் திறக்க முடியாது. காமா வந்தது, போனது. அவனுக்குள் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து, "நிச்சயமா தெரியும்" என்றேன். மகள் எழுந்து குழந்தைக்குக் கவுனை மாற்றத் தொடங்கினாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

நாங்கள் போனபோது சந்தே கூடியிருந்தது. தினேஷை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். படியைத் தாண்டி வந்தவன் சுவரோடு சுவராக ஒடுங்கிக்கொண்டான். என் மகள் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. நான் குனிந்து பேத்தியை அவன் மடியை நோக்கி நீட்டினேன். அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கையை ஆட்டினாள்.

"வோணாம் சார்" என்று நடுவில் கை வந்தது. கன்னியம்மா. பேத்தியை என் கையிலிருந்து வாங்கி என் மகளிடமே திருப்பிக் கொடுத்தார். "போதும். நீ இட்டாந்துட்ட இல்ல, அது போதும்."

தொட்டிலுக்குப் போய்த் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகன் முன்னால் நீட்டினார்.

தினேஷ் கையை நீட்டவில்லை. நானும் அப்போதுதான் பார்த்தேன். அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பரீட்சையில் தேறியவன், காமா பற்றி என்னைப்போலவே படித்தவன். இத்தனை நாளும் வாசலில் அவனை நிறுத்தியது மாமியார் மட்டும் இல்லை.

"சார், நிச்சயமா தான சார்?" என்றான்.

"நிச்சயம்டா."

பேட்ஜ் ரிப்போர்ட் அடுத்த வாரம்தான் வந்தது. நல்ல ரிப்போர்ட். அளவுக்குள்தான் பட்டிருந்தது. டோசிமீட்டர் விழுந்த அதிர்ச்சியில்தான் ஓடியிருந்தது. ஆனால் அன்று அந்தச் சுவரோரத்தில் அது எங்கள் யாருக்கும் தெரியாது. என்னிடம் இருந்தது, நீங்கள் "எதுக்கு சார்?" என்று கேட்கிற அந்தப் பாடம் மட்டும்தான். அதை வைத்துத்தான் நிச்சயம் என்றேன்.

அவன் கைகளை முன்னால் கொண்டுவந்தான். கன்னியம்மா குழந்தையை அதில் வைத்தார். வைத்த மறு நொடியே கத்தினார்.

"அய்ய, தலைய தாங்கிப் புடி! இத்தினி படிச்சிகீற, கொயந்தைய தூக்கத் தெரில?"